மரபணு மாற்றுப் பயிரை அனுமதித்தால் ஏற்றுமதி போய்விடுமா?

ஜனவரி 9, கேள்வி

"வளரும் நாடு ஒன்று மரபணு மாற்றுப் பயிரை அனுமதித்தால் அதன் ஏற்றுமதி படுத்துவிடும் என்கிறார்கள். ஐரோப்பா ஒரு மூட்டைகூட வாங்காதாம். இது நிஜமா, வெறும் பயமுறுத்தலா?"

ஜனவரி 9, இரவு

பாதிதான் நிஜம். ஒரு மூட்டைகூட வாங்காது என்பது தப்பு. அர்ஜென்டினா களைக்கொல்லி தாங்கும் சோயாவை 1996-இலேயே அனுமதித்தது. இன்று அங்கே விளையும் சோயாவில் ஏறக்குறைய எல்லாமே அந்த வகைதான். அந்தச் சோயாப் புண்ணாக்கு கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போகிறது, அங்கே கோழியும் பன்றியும் மாடும் தின்கின்றன. எப்படி என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு விதிப்படி தீவன மூட்டையின் மேல் மரபணு மாற்றியது என்று எழுத வேண்டும். அந்தத் தீவனத்தைத் தின்ற கோழியின் முட்டையின் மேல் எழுத வேண்டியதில்லை. வாங்குபவர் கண்ணில் படாத சரக்குக்குப் பெரிய எதிர்ப்பும் இல்லை.

மனிதர் நேரடியாகச் சாப்பிடும் அரிசி, பழம், தேன் என்றால் கதை வேறு. ஒப்புதல் பெற்ற ரகம் 0.9 சதவீதத்தைத் தாண்டினால் லேபிள் ஒட்ட வேண்டும். ஒப்புதல் பெறாத ரகத்துக்கு அந்த 0.9 சலுகை கிடையாது, இம்மி இருந்தாலும் சரக்கு திரும்பும்.

அதனால் 'ஏற்றுமதி போகுமா' என்று மொட்டையாகக் கேட்டால் பதில் இல்லை. எந்தப் பயிர், யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று. 1998-க்குப் பிறகு சில வருஷம் ஐரோப்பா புதிய ரகங்களுக்கு ஒப்புதல் தருவதையே நிறுத்தி வைத்திருந்தது. அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா மூன்றும் 2003-இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தன. இந்தப் பயிர்கள் பாதுகாப்பானவை என்று தீர்ப்பே வந்துவிட்டது.

ஜனவரி 10

நேற்றைய கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். அப்படி ஒரு தீர்ப்பு வரவில்லை.

வழக்கை விசாரித்த உலக வர்த்தக அமைப்பின் குழு 2006-இல் தந்த அறிக்கை, இந்தப் பயிர்கள் பாதுகாப்பானவையா இல்லையா என்பதைத் தான் ஆராயவே இல்லை என்று தெளிவாகச் சொன்னது. சொன்னது இரண்டு விஷயம். விண்ணப்பங்களைக் காரணமில்லாமல் கிடப்பில் போட்டது தப்பு. ஆறு உறுப்பு நாடுகள் தனித்தனியாகப் போட்ட தடைகளுக்கு முறையான அபாய மதிப்பீடு பின்னால் இல்லை, அதுவும் தப்பு. அவ்வளவுதான். கறாரான விதி போடுவதை அது தடுக்கவில்லை.

இந்த வித்தியாசத்தை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வளரும் நாடுகளின் கூட்டங்களில் இரண்டு தரப்பும் இந்த வழக்கைத் தவறாகத்தான் இழுக்கின்றன. ஒரு தரப்பு 'தடுத்தால் நம்மேல் வழக்கு வரும்' என்று மிரட்டுகிறது. இன்னொரு தரப்பு 'அதெல்லாம் பணக்கார நாடுகளின் சண்டை' என்று ஒதுக்குகிறது. எகிப்து முதலில் அமெரிக்காவோடு சேர்வதாக இருந்து பின்வாங்கியது. இரண்டு பெரிய சந்தைகள் மோதும்போது நடுவில் நிற்கும் நாடு எப்படி நெளிய வேண்டியிருக்கிறது என்பதற்கு அந்த ஒரு பின்வாங்கலே போதும்.

ஜனவரி 11

"லேபில் சோதித்து, மரபணு மாற்றியது கலக்கவில்லை என்று சான்றிதழ் வாங்கி அனுப்பினால் தீர்ந்ததே" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இதற்கு விரிவாகவே எழுதுகிறேன். தானிய ஏற்றுமதிச் சரக்குகளைச் சோதிக்கும் ஒரு லேபில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன் நான்.

முதல் வேலை குத்தூசி. சாக்கின் இழைகளுக்கு நடுவே செருகி, சாய்த்து, கை நிறைய மணிகளை வாங்க வேண்டும். இந்த அடுக்கில் மேல் மூட்டை, அந்த அடுக்கில் அடி மூட்டை என்று மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். அடி மூட்டையை எடுக்க யாருக்கும் மனசு வராது, ஏனென்றால் மேலே இருப்பதையெல்லாம் இறக்க வேண்டும். எடுத்ததைக் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, இரண்டை ஒதுக்கி, மறுபடி கலந்து, கடைசியில் ஒரு கிலோ அளவுக்குக் கொண்டு வருவோம்.

அதை அரைத்துத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஒரு காகிதப் பட்டையை நிறுத்தி வைத்தால் சில நிமிடத்தில் கோடு வரும். ஒரு கோடு என்றால் பட்டை வேலை செய்கிறது, தேடிய புரதம், அதாவது மாற்றிய மரபணு உண்டாக்கும் புரதம், இல்லை. இரண்டாவது கோடு வந்தால் இருக்கிறது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையின் தத்துவம்தான். அந்த இரண்டாவது கோடு சில நேரம் சரியாகத் தெரியாது. ஜன்னல் பக்கம் பிடித்தால் இருக்கிற மாதிரி இருக்கும், விளக்குக்குக் கீழே கொண்டு வந்தால் இல்லாத மாதிரி. மூன்று பேர் மாறி மாறிப் பார்த்த நாட்கள் உண்டு. வேகவைத்த, பதப்படுத்திய பண்டத்தில் புரதம் சிதைந்திருக்கும், அங்கே பட்டை உதவாது. பி.சி.ஆர். முறையில் மரபணுவையே தேட வேண்டும். அதற்குக் கருவியும் பழகிய ஆளும் வேண்டும்.

இப்போது கணக்கு. மூவாயிரம் மக்காச்சோள மணி ஏறக்குறைய ஒரு கிலோ. அத்தனையிலும் ஒன்றுகூடத் தென்படவில்லை என்றால், சரக்கில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் இல்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அதுவும் கலப்பு சரக்கு முழுக்கச் சீராகப் பரவியிருந்தால்தான். ஒரே மூட்டையில் குவிந்து கிடந்தால் அந்த உறுதியும் போச்சு.

'இருக்கிறது' என்று நிரூபிக்க ஒரு மணி போதும். 'இல்லை' என்று யாராலும் முழுசாக நிரூபிக்க முடியாது. உலக வியாபாரத்தில் அந்த 'இல்லை'யை நிரூபிக்கும் பாரம் எப்போதும் விற்பவன் தலையில் விழுகிறது. நான் சொல்ல வந்தது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஜனவரி 11, பின்னிரவு

மேலே விட்டுப்போனது: மூவாயிரம் மணிக்குப் பதில் முந்நூறு எடுத்தால் நூறில் ஒன்று வரைக்கும்தான் சொல்ல முடியும். அவசரத்தில் முந்நூறு எடுத்துவிட்டு ஆயிரத்தில் ஒன்று என்று காகிதத்தில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 13

ஜாம்பியா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "பட்டினி கிடக்கும் மக்களுக்கு வந்த சோளத்தை மறுத்த முட்டாள்தனம்" என்று இங்கே எழுதியவருக்கு என் பதில் இது.

2002-இல் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தெற்குப் பகுதியில் ஆறு நாடுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் உணவில்லாமல் தவித்தார்கள். அமெரிக்காவிலிருந்து உதவியாக வந்த மக்காச்சோளத்தில் மரபணு மாற்றியதும் கலந்திருந்தது. ஜாம்பியா அதிபர் லெவி முவனவாசா வேண்டாம் என்றார். தன் விஞ்ஞானிகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார், அதன் பிறகும் அதே முடிவில் நின்றார். உடல்நலம் பற்றிய பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம் வியாபாரம். உதவிச் சோளம் முழு மணியாக வந்தது. பசியிலும் விவசாயி ஒரு கை மணியை விதைக்கு எடுத்து வைப்பான். அது முளைத்து, மகரந்தம் பறந்து, உள்ளூர்ச் சோளத்தில் கலந்துவிட்டால் ஐரோப்பாவுக்குப் போகும் விளைபொருள்களின் கதி என்ன என்று அவர்கள் கேட்டார்கள்.

ஜிம்பாப்வே, மொசாம்பிக், மலாவி மூன்றும் நடுவழி ஒன்றைப் பிடித்தன: மாவாக அரைத்துக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். மாவு முளைக்காது. என் பார்வையில் அதுதான் புத்திசாலித்தனமான வழி. ஆனால் அரைக்கக் கூடுதல் செலவு, மாவு மணியைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும், ஆலை வேறு வேண்டும்.

மக்கள் பசித்திருக்கும்போது மறுத்தது சரி என்று நான் சொல்லவில்லை, அதை என்னால் சொல்ல முடியாது. ஆனால் முட்டாள்தனம் என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். கலந்ததா இல்லையா என்று பிரித்துப் பார்க்கும் வசதி தங்களிடம் இல்லை என்று தெரிந்தவர்களின் பயம் அது. அந்த வசதி கையில் இருந்திருந்தால் அவர்களுக்கு வேறு முடிவுகளும் திறந்திருக்கும்.

ஜனவரி 14

"அப்போ நீங்கள் எதிர்ப்பாளர்" என்றார் ஒருவர். இல்லை. பூச்சியை எதிர்க்கும் பி.டி. கத்தரியை வங்கதேசம் 2013-இல் அனுமதித்தது, அடுத்த வருஷம் விவசாயிகள் நட்டார்கள். கத்தரி பெரும்பாலும் விளைந்த நாட்டிலேயே சமைத்துச் சாப்பிடும் காய். மருந்து அடிப்பது குறைகிறது என்றால் அடிப்பவனின் கைக்கும் நுரையீரலுக்கும் நல்லது. அங்கே வெளிச் சந்தையைக் காட்டிப் பயமுறுத்துவதில் அர்த்தமில்லை.

ஜனவரி 17

புர்கினா ஃபாசோ. இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது, ஏனென்றால் இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை.

2008-இல் அங்கே பி.டி. பருத்தி வணிகச் சாகுபடிக்கு வந்தது. அமெரிக்க ரகத்தின் பூச்சி எதிர்ப்பை உள்ளூர் ரகங்களில் ஏற்றியிருந்தார்கள். பருவத்துக்கு ஆறு முறை மருந்து அடித்த இடத்தில் இரண்டு முறை போதும் என்று ஆனது. மகசூல் கூடியது. விவசாயிகள் திருப்தியாக இருந்தார்கள்.

விதையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலையில் பிரச்சினை தெரிந்தது. பஞ்சின் இழை முன்பைவிடக் குட்டையாக வந்தது. நூறு கிலோ விதைப்பருத்தியில் கிடைக்கும் பஞ்சின் அளவும் குறைந்தது. புர்கினா பருத்திக்கு உலகச் சந்தையில் மதிப்பே அதன் இழை நீளத்துக்குத்தான், பல பத்தாண்டு உழைத்துத் தேர்ந்தெடுத்த ரகங்கள் அவை. இழை குட்டையானதும் விலைத் தரம் இறங்கியது, நஷ்டத்தைப் பருத்தி நிறுவனங்கள் சுமந்தன. 2016-இல் பி.டி.-யைக் கைவிட்டுப் பழைய ரகங்களுக்குத் திரும்பினார்கள்.

வயலில் ஜெயித்த பயிர் சந்தையில் தோற்றது. இதில் யாரும் 'மரபணு மாற்றியதை வாங்கமாட்டோம்' என்று சொல்லவே இல்லை. பருத்தி வாங்குபவன் கேட்டது இழை நீளத்தை மட்டும்தான்.

ஜனவரி 18

புர்கினா குறிப்பைப் படித்துவிட்டு "மரபணு மாற்றினால் இழை குட்டையாகும்" என்று ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவில் 2002 முதல் பி.டி. பருத்தி விளைகிறது, ஏற்றுமதியும் ஆகிறது. புதுப் பண்பை ஒரு ரகத்தில் ஏற்றிய பிறகு, பழைய ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலப்பு செய்து அதன் குணங்களை முழுசாக மீட்க வேண்டும். அந்த வேலையை இன்னும் சில தலைமுறைகளுக்குத் தொடர்ந்திருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் பலர் சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அவசரத்தின் மேல் இருக்கிற தப்பை மரபணுவின் மேல் போடாதீர்கள்.

ஜனவரி 21

நடாதவனும் மாட்டுவான் என்பதற்குத் தேனை எடுத்துக்கொள்ளுங்கள்.

மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில் மாயா இனத்தவர் தேனீ வளர்க்கிறார்கள். தேன் பெரும்பாலும் ஐரோப்பாவுக்குப் போகிறது. பக்கத்து நிலங்களில் மரபணு மாற்றுச் சோயா வந்தது. தேனீ வேலி பார்த்துப் பறக்குமா? 2011 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஜெர்மனியில் ஒரு தேனீ வளர்ப்பாளர் போட்ட வழக்கில், மரபணு மாற்றுப் பயிரின் மகரந்தம் கலந்த தேனை ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது என்றது. அத்தோடு கடல் தாண்டி யுகட்டான் தேனுக்கு நெருக்கடி. இவர்கள் ஒரு சோயா விதைகூட ஊன்றவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பிறகு 2014-இல் ஐரோப்பா தன் தேன் விதியைத் திருத்தி, மகரந்தம் தேனின் இயல்பான பகுதி, தனியாகச் சேர்த்த பொருள் அல்ல என்றது. நெருக்கடி தளர்ந்தது. 2015-இல் மெக்சிகோவின் உச்ச நீதிமன்றம், பழங்குடி மக்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்ற காரணத்துக்காக அந்தச் சோயா அனுமதியை நிறுத்தி வைத்தது. ஒரு சொல்லுக்கு எங்கோ கொடுக்கும் விளக்கத்தில் இன்னொரு கண்டத்தின் பிழைப்பு ஆடுகிறது.

ஜனவரி 22

"இதெல்லாம் ஏழை நாட்டுக்கு மட்டும்தானா?" இல்லை. அமெரிக்காவிலேயே 2006-இல் ஒப்புதல் பெறாத ஒரு நெல் ரகம் வியாபார அரிசியில் கலந்து, ஐரோப்பாவும் ஜப்பானும் கதவைச் சாத்தின. 2011-இல் அந்த ரகத்துக்குச் சொந்தமான பேயர் நிறுவனம் விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2013-இல் சீனா தான் இன்னும் ஒப்புதல் தராத ரகம் கலந்திருக்கிறது என்று அமெரிக்க மக்காச்சோளக் கப்பல்களைத் திருப்பியது. அந்த ரகம் அமெரிக்காவில் சட்டப்படி விளைந்தது, வாங்கும் நாட்டில்தான் ஒப்புதல் பாக்கி. அதற்கு, அந்த விதையை விற்ற சின்ஜென்டா நிறுவனம் 151 கோடி டாலர் வரை கொடுக்க நேர்ந்தது.

அடி இரண்டு பேருக்கும் விழுகிறது. ஆனால் அங்கே வழக்குப் போட வக்கீல் இருக்கிறான், கொடுக்க நிறுவனத்திடம் பணம் இருக்கிறது. அரை ஏக்கர்காரன் யார் மேல் வழக்குப் போடுவான்?

ஜனவரி 25

என் கையில் நடந்த ஒன்று. எந்த லேப், எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன்.

மரபணு மாற்று மக்காச்சோளத்தையே அனுமதிக்காத ஒரு நாட்டிலிருந்து மக்காச்சோளக் குருணை போனது. நாங்கள் சோதித்துச் சுத்தம் என்று சொன்னது. வாங்கியவர் லேபில் இருக்கிறது என்று வந்துவிட்டது. பல ரகங்களுக்கும் பொதுவான ஒரு மரபணுத் துண்டைத்தான் முதலில் தேடுவார்கள். 35எஸ் என்று பெயர், காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்தது. அது கிடைத்திருக்கிறது. எங்கிருந்து வந்தது?

மூன்று வாரம் அலைந்தோம். கடைசியில் பார்த்தால், குருணை ஏற்றிய லாரிகள் முந்தைய நடையில் இறக்குமதிச் சோயாப் புண்ணாக்கு ஏற்றியிருந்தன. தார்ப்பாயின் மடிப்பில் மஞ்சள் தூள் படிந்திருந்தது, விரலால் வழித்துப் பார்த்தேன். அந்தத் தூளைச் சோதித்தால் அதே துண்டு. மக்காச்சோளத்தில் ஒன்றும் இல்லை, சோயாத் தூசி.

விளக்கம் எழுதினோம். வாங்கியவர் எங்கள் மாற்று மாதிரியைக் கேட்டார். ஏற்றும்போதே முத்திரையிட்டு வைக்கும் இரண்டாவது பொட்டலம் அது. இடமில்லை என்று மூன்று மாதத்தில் தூக்கிப் போடுவது அந்த லேபின் வழக்கம், போட்டிருந்தார்கள். சரக்கு திரும்பியது. அந்தக் குருணைக்குச் சோளம் கொடுத்தவர்கள் சிறு விவசாயிகள், அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி வரவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

ஜனவரி 26

"இந்தியா இதில் பாதிக்கப்பட்ட நாடா?" இரண்டு பக்கமும் நிற்கிறது. உணவுப் பயிராக எந்த மரபணு மாற்றுப் பயிரும் இந்தியாவில் வணிகச் சாகுபடியில் இல்லை. பி.டி. கத்தரியை 2010-இல் நிறுத்தி வைத்தார்கள். 2021 மார்ச் முதல் 24 உணவுப் பயிர்களின் இறக்குமதிக்கு மரபணு மாற்றாதவை என்ற சான்றிதழ் கேட்கிறது, ஒரு சதவீதம் வரை தற்செயல் கலப்புக்குச் சலுகை. தன் சோயாப் புண்ணாக்கை மரபணு மாற்றாதது என்று சொல்லி வெளியே விற்கிறது. அதே 2021 ஆகஸ்டில் கோழித் தீவன விலை எகிறியபோது, மரபணு மாற்றுச் சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தது. பி.டி. பருத்தியின் விதை எண்ணெய் சமையலில் புழங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் குறை சொல்லவில்லை, தீவனமும் சாப்பாடும் எல்லா நாட்டிலும் தனித்தனிக் கதவு வழியாகத்தான் வருகின்றன. ஆனால் கோழிக்கு வந்த தூள் சாப்பாட்டுச் சரக்கின் லாரியில் படியாமல் பார்ப்பது யார்? நேற்று எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

ஜனவரி 30

கார்ட்டஹீனா நெறிமுறை பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக. மரபணு மாற்றிய உயிரிகள் நாடு விட்டு நாடு போவதை ஒழுங்குபடுத்தும் சர்வதேச ஒப்பந்தம் அது, 2003-இல் நடைமுறைக்கு வந்தது. முளைக்கக்கூடிய, உயிருள்ள பொருளுக்குத்தான் பொருந்தும், எண்ணெய்க்கும் மாவுக்கும் இல்லை. பெரிய ஏற்றுமதியாளர்களான அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா அதில் உறுப்பினர் இல்லை. வளரும் நாட்டுக்கு அது கொடுக்கும் முக்கியமான உரிமை, முதலில் கேட்டுவிட்டு அனுப்பு என்று சொல்வது. அதைச் சொல்ல விண்ணப்பத்தைப் படித்து மதிப்பிடும் ஆட்கள் வேண்டும். காகிதத்தில் இருக்கும் உரிமையை ஒரு லேப்தான் கைக்குக் கொண்டு வரும்.

பிப்ரவரி 3

மரபணுத் திருத்தம் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். வெளி மரபணு எதையும் சேர்க்காமல், இருப்பதையே ஓரிடத்தில் வெட்டித் திருத்துவது. அர்ஜென்டினா 2015-இலேயே இதற்குத் தனி விதி போட்டது. இந்தியா 2022-இல் எளிய வகைத் திருத்தங்களுக்கு விலக்கு கொடுத்தது. ஐரோப்பிய நீதிமன்றமோ 2018-இல் இதுவும் மரபணு மாற்றமே என்றது.

எனக்குக் கவலை லேப் பக்கமிருந்து. இதில் 35எஸ் கிடையாது, பட்டையில் கோடு வராது. எங்கே திருத்தினார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த இடத்தைத் தேடிப் பார்க்கலாம். கண்டுபிடித்தாலும் அது இயற்கையில் தானாக வந்த மாற்றமா, திருத்தியதா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகலாம். ஒரு நாடு விலக்கு கொடுத்துவிட்டது, வாங்கும் நாடு சான்றிதழ் கேட்கிறது என்றால் நான் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது? விதை எங்கிருந்து வந்தது என்ற பதிவேட்டைப் பார்த்துத்தான் போட முடியும். பில் இல்லாமல், பக்கத்து வயல்காரனிடம் கைமாற்றாக விதை வாங்கும் கோடிக்கணக்கான விவசாயிகளுக்கு அந்தப் பதிவேட்டை யார் எழுதுவார்கள்?

பிப்ரவரி 4

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "முடிவு எடுக்கும் குழுவில் நீங்கள் இருந்தால்?" என்கிறார்.

உள்நாட்டிலேயே சாப்பிட்டுத் தீரும் பயிர் என்றால், பாதுகாப்பு ஆய்வு திருப்தியாக இருந்தால், கொடுத்துவிடுவேன். வெளியே விற்கும் பயிர் என்றால் வாங்கும் முதல் ஐந்து நாடுகளின் ஒப்புதல் வரும்வரை விதையை வெளியே விடமாட்டேன். அர்ஜென்டினா வறட்சி தாங்கும் எச்பி4 கோதுமைக்கு 2020-இல் ஒப்புதல் கொடுத்தபோது, பிரேசில் சம்மதித்த பிறகுதான் விற்கலாம் என்று நிபந்தனை போட்டது. பிரேசில் அதன் பெரிய வாடிக்கையாளர். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. அப்புறம், அனுமதித்தாலும் அனுமதிக்காவிட்டாலும், துறைமுகத்துக்கு ஒரு நல்ல லேப், லாரிகளுக்குச் சுத்தம் செய்த பதிவு. வேண்டாம் என்று சொல்லும் நாட்டுக்கும் இவை தேவை, குருணைக் கதையில் பார்த்தீர்கள்.

பிப்ரவரி 4, சற்று பின்

மாற்று மாதிரியை எவ்வளவு நாள் வைக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டவருக்கு: ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் போட்டிருந்தாலும், சரக்குக்கு முழுப் பணமும் வந்து சேரும்வரை தொடாதீர்கள். ஈரம் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் வண்டு விழும். உறையின் வெளியே மட்டும் எழுதினால் மை அழிந்துவிடும். உள்ளேயும் ஒரு சீட்டு போடுங்கள், பென்சிலால்.